‘வேண்டியதில்லை’ என்று சொல்பவர் யார்?

‘செய்ய வேண்டும்’ என்பதைப் பற்றி அறநூல்கள் நிறையப் பேசியிருக்கின்றன. ‘செய்யக் கூடாது’ என்பதைப் பற்றியும் அவை பேசாமல் விட்டதில்லை. விதித்தன, விலக்கியன என்று நம் முன்னோர் இவற்றைப் பகுத்துச் சொன்னார்கள். ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே, ஆரவாரம் எதுவுமின்றி, மூன்றாவது ஒரு சொல் இருக்கிறது. ‘செய்ய வேண்டியதில்லை’ என்பதே அது. அது கட்டளையுமன்று, தடையுமன்று, ஒரு விடுவிப்பு. நாள்தோறும் இச்சொல்லை நாம் கேட்கிறோம், பிறருக்குச் சொல்கிறோம். கடன் கொடுத்தவன் சொல்கிறான், முதலாளி சொல்கிறான், அரசாங்கம் சொல்கிறது, சில வேளைகளில் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். இச்சொல் எப்போது உண்மையாகிறது? இதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

இந்த ஆராய்ச்சியில் நமக்கு வந்து வாய்க்கும் துணை, யப்பானிய மொழியின் இலக்கணம். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கைக்கும் யப்பானுக்கும் இடையே தொழிலாளரை அனுப்புவது பற்றிய உடன்பாடு ஒன்று கைச்சாத்தானது. அதன் வழியே வேலைக்குச் செல்ல விரும்புவோர் யப்பானிய மொழியின் தொடக்க நிலைத் தேர்ச்சியைக் காட்டுதல் வேண்டும். ஆதலின் கொழும்பில் இன்று அம்மொழியைப் பயிலும் இளைஞர் தொகை சிறிதன்று. வெள்ளவத்தைப் பிள்ளைகளும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் அதில் அடங்குவர். உலகெங்கும் வழங்கும் தொடக்க நூலான ‘மின்னா நோ நிஹொங்கோ’வின் 17ஆம் பாடம் இவர்களுக்கு ‘செய்ய வேண்டும்’ என்பதையும் ‘செய்ய வேண்டியதில்லை’ என்பதையும் ஒரே இடத்தில் வைத்துக் கற்பிக்கிறது.

உண்ணுதல் என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். ‘தபெதெமோ ஈ’ என்றால், ‘உண்டாலும் நன்று’, அதாவது உண்ணலாம். ‘தபெனகுதெமோ ஈ’ என்றால், ‘உண்ணாவிட்டாலும் நன்று’. அதாவது உண்ண வேண்டியதில்லை. ‘தபெதெவா இகெனய்’ என்றால், ‘உண்டால் செல்லாது’. அதாவது உண்ணக் கூடாது. ‘தபெனகுதெவா இகெனய்’ என்றால், ‘உண்ணாவிட்டால் செல்லாது’. அதாவது உண்ண வேண்டும். ‘இகெனய்’ என்பது ‘போக முடியாது’ என்னும் பொருளில் தோன்றிய சொல். நாணயம் ‘செல்லாது’ என்று நாம் சொல்வதை நினைத்துக்கொண்டால் அதன் பொருள் எளிதில் விளங்கும். அதன் இடத்தில் ‘நரனய்’ என்றும் வரும். அதற்கு நேர்ப்பொருள் ‘ஆகாது’ என்பது. தமிழர்க்கு இதைவிட எளிய விளக்கம் வேறென்ன வேண்டும்? ‘நன்று’ என்ற இடத்தில் ‘கமவனய்’ என்பதை வைத்தால், ‘செய்யாவிட்டாலும் பொருட்படுத்தேன்’ என்றாகும். நாம் ‘செய்யாவிட்டாலும் பரவாயில்லை’ என்கிறோமே, அதே வார்ப்பு.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன் இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவுகட்டும் அவசரம் நமக்கில்லை. யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அத்தகைய உறவை நிறுவப் பல்லாண்டுகள் உழைத்தார். யாழ்ப்பாணத்து அறிஞர்களான அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தனர். ஒப்பியல் மொழிநூலார் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாது போகட்டும்; ஒப்பிட்டுப் பார்ப்பதால் விளையும் தெளிவே நமக்கு வேண்டுவது.

அந்தத் தெளிவு யாது? யப்பானிய மொழியில் கடமை என்பது பாதியில் நின்றுவிட்ட ஓர் அச்சுறுத்தல். ‘செய்யாவிட்டால் செல்லாது’ என்று அது சொல்கிறது. செல்லாமற் போனால் என்ன நேரும், யார் தண்டிப்பார் என்று சொல்வதில்லை. தமிழ் வேறொரு வழியில் அதையே செய்கிறது. ‘வேண்டும்’ என்பதன் அடி ‘வேண்டு’. விரும்பு என்பது பொருள். ‘நீ போக வேண்டும்’ என்றால் உன் போக்கை யாரோ விரும்புகிறார் என்பதே அதன் பழம்பொருள். ஆனால் நான் என்றாலும் நீ என்றாலும் அவர்கள் என்றாலும் அச்சொல் மாறுவதில்லை. விரும்புகிறவர் யார் என்று அது காட்டுவதில்லை. நிலக்கிழாரின் விருப்பம் நியாயமாகத் தோன்றுவதற்கும், ஆலை முதலாளியின் விருப்பம் ஒழுங்காகத் தோன்றுவதற்கும் இந்த மறைவு எவ்வளவு உதவுகிறது! சிங்களத்தில் ‘ஓனே’ என்னும் சொல்லும் இவ்வாறே விருப்பத்தையும் கடமையையும் ஒருங்கே சுமக்கிறது. மொழியின் பெயரால் பிரிக்கப்பட்ட இரு மக்களும் கடமையைச் சொல்லும்போது ஒரே இலக்கண மரபில் நிற்கிறார்கள் என்பது சிந்திக்கத் தக்கது.

விடுவிப்பின் இலக்கணத்திலோ யப்பானிய மொழி நமக்கு ஒரு புதுக் கருத்தைத் தருகிறது. பின்லாந்துத் தத்துவஞானி வொன் றைட் 1951இல் கடப்பாட்டைத் தர்க்க முறையில் வகுத்தபோது, ஒன்றைச் செய்யும் கடமை இல்லை என்பது அதைச் செய்யாதிருக்க அனுமதி உண்டு என்பதற்குச் சமம் என்று காட்டினார். தர்க்கம் அவ்வளவில் நிற்கிறது. ‘செய்யாவிட்டாலும் நன்று’ என்னும் தொடர் அதற்கப்பாலும் செல்கிறது. செய்யாதவனுடைய நிலைமையும் நன்றாகவே இருக்கும் என்று அது உறுதி கூறுகிறது. அந்த ‘நன்று’ மெய்யானால் விடுவிப்பு மெய். அது பொய்யானால், விடுவிப்பும் பொய். இதுவே நாம் காணும் முதலாவது உரைகல்.

இந்த உரைகல்லில் அன்றாட வாழ்வை உரைத்துப் பார்ப்போம். கொட்டாஞ்சேனையில் ஒரு கடை. முதலாளி பையனைக் கூப்பிட்டு, “தம்பி, நாளைக்கு நீ வரத் தேவையில்லை” என்கிறார். மறுநாள் பொங்கல் என்றால் அது மகிழ்ச்சியான செய்தி. ‘நாளைக்கு’ என்பது ‘நாளையிலிருந்து’ என்று மாறினாலோ, அதே சொல் அவன் அடுப்பை அணைத்துவிடுகிறது. ‘வர வேண்டாம்’ என்றாலும் இதே கதைதான். ‘வேண்டாம்’ என்பது தேவையின்மையையும் தடையையும் ஒருங்கே குறிக்கும். சிங்களத்தின் ‘எபா’வும் அப்படியே விருப்பமின்மையையும் தடையையும் குறிக்கும். இரண்டையும் வெவ்வேறு வாய்பாட்டில் வைத்திருக்கும் யப்பானியராவது இந்த இரட்டை நாக்கிலிருந்து தப்பினார்களா? அங்கும் மேலதிகாரி தொழிலாளியை நீக்கும்போது வழக்கமாகச் சொல்வது, ‘அஷித கர கொனகுதெ ஈ’ என்பதே. ‘நாளையிலிருந்து வராவிட்டாலும் நன்று’ என்று பொருள். இலக்கணம் ‘நன்று’ என்கிறது. வயிறு வேறு சொல்கிறது.

விடுமுறைக்கும் வேலைநீக்கத்திற்கும் உள்ள வேறுபாடு வினைமுற்றில் இல்லை. வராத நாளுக்கும் கூலி உண்டா என்பதில் இருக்கிறது. இதைத் தொழிலாளி வர்க்கம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அவர்களுக்குத் துணை நின்றனர். வேலைநிறுத்தம் என்பது என்ன? ‘வர வேண்டும்’ என்ற ஆணைக்கு, ‘இந்நிலைமையில் வர வேண்டியதில்லை’ என்று தொழிலாளர் தாமே கூடிச் சொல்லும் மறுமொழி. கதவடைப்பு என்பது என்ன? அதே சொல்லை முதலாளி பறித்துக்கொண்டு சொல்வது. சொல் ஒன்றே, சொல்பவன் மாறினால் அதன் உள்ளடக்கமே மாறிவிடுகிறது.

இத்தகைய போராட்டங்களின் விளைவாகவே சட்டங்கள் பிறந்தன. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமன்றி வேறு காரணத்தால் தொழிலாளியை நீக்குவதாயின் அவனது எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அன்றேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்று விதித்தது. ஆனால் பதினைந்து பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று அச்சட்டமே விலக்களித்தது. சிறு கடையில் நிற்பவன் தொழில் நியாயசபைக்குப் போகலாம். ஆனால் அவனை நீக்குமுன் முதலாளி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கவனியுங்கள்: தொழிலாளியைக் காக்க எழுந்த சட்டத்தின் நடுவிலும் முதலாளிக்காக ஒரு ‘வேண்டியதில்லை’ எழுதப்பட்டிருக்கிறது.

அரசாங்கம் இச்சொல்லைக் கையாண்ட விதத்துக்கு நம் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஒரு வழக்கு உண்டு. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1961 டிசெம்பரில் திறைசேரி வெளியிட்ட சுற்றுநிருபம், அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், இல்லையேல் சம்பள உயர்வு நிறுத்தப்படும் என்றது. 1952இலேயே சேவையில் சேர்ந்த இலிகிதர் கோடீஸ்வரன் அப்பரீட்சைக்கு அமரவில்லை. 1962இல் அவருக்குச் சேர வேண்டிய சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். யாரும் அவரைச் சிறையிலிடவில்லை. யாரும் அவர் கையைப் பிடித்து எழுதச் சொல்லவில்லை. ‘படிக்காவிட்டால் விடு, படிகள் ஏறாதே’ என்பதே ஏற்பாடு. கட்டாயம் எங்கே என்று கேட்டவர்களுக்கு நம் உரைகல்லே பதில் சொல்லும். செய்யாவிட்டால் நிலைமை ‘நன்று’ இல்லையென்றால், அங்கே கட்டாயம் இருக்கிறது.

1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு அரசகரும மொழிச் சட்டம் முரணானது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், சம்பளத்துக்காக அரசின் மீது ஊழியன் வழக்குத் தொடர முடியாது என்று சொல்லி அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசெம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்குத் தொடர முடியும் என்று கூறி, மொழிச் சட்டத்தின் செல்லுபடியை ஆராயும்படி வழக்கைத் திருப்பியனுப்பியது. அந்த ஆராய்ச்சி நடைபெறவேயில்லை. 1972ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே இல்லாமற் செய்துவிட்டது. தமிழும் அரசகரும மொழி என்று யாப்பில் ஏற 1987வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘இம்மனிதன் இதைக் கற்க வேண்டியவனா, இல்லையா?’ என்ற ஓர் எளிய வினாவுக்கு ஒரு நாட்டின் உச்ச மன்று விடை சொல்லாமலே விட்டது.

சிங்களம் கற்பதை நாம் எதிர்க்கிறோம் என்று எவரும் பொருள்கொள்ளற்க. அயலவன் மொழியைக் கற்பது நட்பின் முதற்படி. நிபந்தனையின்றிக் கற்றால் அது நட்பு. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு கற்பித்தால் அது ஆதிக்கம்.

இனி இரண்டாவது வினா: விடுவிக்கும் உரிமை யாருக்கு? கடன்பட்டவன் தன் கடனைத் தானே தள்ளுபடி செய்ய முடியாது. கடன் யாருக்கு உரியதோ அவன் மட்டுமே ‘தர வேண்டியதில்லை’ எனலாம். கொச்சிக்கடைச் சந்தையில் காய் விற்கும் மூதாட்டிக்கும் தெரிந்த நியாயம் இது. ஆனால் நாடுகளின் விவகாரத்தில் இதை எப்படிப் பொருத்துவது?

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகம் அவற்றின் முதன்மையான இலக்கு. துறைமுகத்தை அடுத்தே கொட்டாஞ்சேனை இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1951 செப்டெம்பர் 6இல், சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா பேசினார். விமானத் தாக்குதல்களால் வந்த அழிவு, பெருஞ்சேனைகள் இங்கு தங்கியதால் வந்த அழிவு, நேச நாடுகளுக்காக றப்பர் மரங்களை அளவின்றிச் சீவிப் பால் எடுத்ததால் வந்த அழிவு ஆகியவற்றுக்கு ஈடு கேட்கும் உரிமை எமக்கு உண்டு. எனினும் நாம் கேட்கப் போவதில்லை என்றார். பகை பகையால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்னும் புத்தரின் போதனையை அதற்குக் காரணமாகக் காட்டினார்.

அந்த முடிவின் உயர்வை நாம் மறுக்கவில்லை. தோற்ற நாட்டின் மக்களைக் கடனால் நசுக்குவதில் பயனில்லை என்பதை முதல் உலகப்போருக்குப் பிந்திய ஜெர்மனி உலகுக்குக் காட்டியிருந்தது. ஆனால் அந்த விடுவிப்பை உச்சரித்த வாய் யாருடையது என்று கேட்பது நம் கடன். றப்பர் மரத்தைச் சீவிய கைகளில் பெருந்தொகையானவை இந்திய வமிசாவளித் தமிழ்த் தொழிலாளரின் கைகள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களின் வாக்கைப் பறித்தது. 1951இல், அவர்கள் உழைப்பின் பெயரால் உரிமை கோரவும், அவர்கள் பெயரால் அதை விட்டுக்கொடுக்கவும் ஓர் அரசாங்கம் இருந்தது. அவர்களைக் கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை. தூரத்து நாட்டுக்கு ‘நீர் தர வேண்டியதில்லை’ என்று பெருந்தன்மையோடு சொன்ன அதே அரசு, தன் வீட்டுக் கடனையும் ‘நாம் தர வேண்டியதில்லை’ என்று தனக்குத் தானே தள்ளுபடி செய்துகொண்டது. முன்னதைக் கொடை என்போம், பின்னதை என்னவென்பது?

காலம் உருண்டது. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. கடன் கொடுத்த அரசுகளின் குழுவுக்கு யப்பானும் இந்தியாவும் பிரான்சும் கூட்டாகத் தலைமை வகித்தன. 2024 ஜூன் 26இல் உடன்பாடு ஏற்பட்டது. அங்கே ஒருவரும் ‘தர வேண்டியதில்லை’ என்று சொல்லவில்லை. ‘பிறகு தரலாம்’ என்றார்கள். கடனை வாங்கியவர் ஒருசிலர். அதைச் சுமப்பவரோ, பாணின் விலையிலும் பஸ் கட்டணத்திலும் அதைச் செலுத்தும் பொதுமக்கள்.

இந்தச் சுமையின் கீழ்தான் நம் இளைஞர் யப்பானிய வகுப்புக்குச் செல்கிறார்கள். யப்பானிய மொழியைக் கற்கச் சொல்லி எந்தச் சுற்றுநிருபமும் அவர்களுக்கு வரவில்லை. போக வேண்டியதில்லை, போகாவிட்டாலும் நன்று, சட்டத்தின் வாக்கியம் அதுவே. உழைப்பாளி இரு பொருளில் சுதந்திரமானவன் என்று மார்க்ஸ் 1867இல் எழுதினார்: தன் உழைப்புச் சக்தியை விற்கவும் சுதந்திரம் உண்டு, விற்பதற்கு வேறெதுவும் இல்லாத ‘சுதந்திர’மும் உண்டு. தாயின் தாலிக்கொடியை அடகு வைத்துப் பயணச் செலவுக்குக் காசு திரட்டுகிறவனிடம், ‘நீ போக வேண்டியதில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ‘நன்று’ எங்கே இருக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்பான். போகாமலும் வாழக்கூடிய ஒரு நாட்டை ஆக்கித் தந்த பின்னரே அவனிடம் அச்சொல்லைச் சொல்லும் தகுதி நமக்கு வரும்.

இறுதியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ‘வேண்டியதில்லை’யைப் பற்றி ஒரு சொல். ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்கும் நாம் முதலாளிமாரைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் பேசுவது எளிது. வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் படித்த குடும்பங்கள் வாழ்கின்றன. பாத்திரம் கழுவவும் பிள்ளை பார்க்கவும் மலைநாட்டிலிருந்து வந்த பெண்களும் அங்கே இருக்கிறார்கள். 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோது வீட்டு வேலை செய்வோர் அதன் வரம்புக்கு வெளியே விடப்பட்டனர். சட்டம் அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும், ‘நீங்கள் கட்ட வேண்டியதில்லை’ என்று மெல்லச் சொன்னது. வீட்டுக்காரரும் அதை நியாயமென்று ஏற்றுக்கொண்டார். கடன் யாருக்கு உரியதோ அவளே விடுவிக்கலாம் என்ற விதி, தர்க்க வகுப்பில் புரிந்த அளவுக்குச் சமையலறையில் புரிவதில்லை.

திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற்குறளில் ‘வேண்டா’ என்னும் சொல்லும் ‘கடப்பாடு’ என்னும் சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. மழையை உவமை காட்டும் அக்குறள் வேண்டா என்பது கைம்மாற்றை, கடப்பாட்டையன்று. திருப்பிப் பெறுவதிலிருந்து நம்மை நாம் விடுவித்துக்கொள்ளலாம். கொடுப்பதிலிருந்து விடுவித்துக்கொள்ளும் அதிகாரம் நமக்கில்லை.

ஆகவே ‘வேண்டியதில்லை’ என்ற சொல் வாயில் வரும்போதெல்லாம் இரண்டு வினாக்களைக் கேட்போம். இதைச் செய்யாவிட்டாலும் யாருக்கு நன்று? இதைச் சொல்லும் உரிமை எனக்கா, அவளுக்கா? அந்தப் பெண்ணின் மாதச் சம்பளத்தோடு சேமலாபத்துக்கென ஒரு தொகையையும் சேர்த்து வைப்பதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. சட்டம் ‘செய்யாவிட்டாலும் நன்று’ என்று விட்டுவைத்த இடங்களிலேதான் நம் அறம் பரீட்சைக்கு அமர்கிறது.